மானிட்டர் 84 காட்டினால் முதலில் எதைத் தொடுவது?

கேள்வி: கால்நடைச் செவிலியராக வேலை செய்கிறேன். கருத்தடை அறுவையின்போது ஒரு நாய்க்கு ஆக்சிஜன் அளவு 98-லிருந்து சட்டென 84-க்கு இறங்கியது. டாக்டர், "மெஷின் அப்படித்தான்" என்றார். கொஞ்ச நேரத்தில் தானாக 97 ஆகிவிட்டது. அடுத்த முறை என்ன செய்ய வேண்டும்?

பதில்: டாக்டர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நாயைப் பார்க்காமல் அதைச் சொல்லக் கூடாது. எண் இறங்கியதும் சத்தமாகச் சொல்லிவிட்டு நாயைத் தொடுங்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா, தொடையின் உட்புறம் நாடி தட்டுகிறதா, ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா? அப்புறம் குழாய் கழன்றிருக்கிறதா, சிலிண்டர் தீர்ந்துவிட்டதா, மயக்க மெஷினின் வால்வு மூடிக்கிடந்து மூச்சுப் பை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் நாக்கை நனைத்து, அதில் மாட்டியிருக்கும் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை வேறு இடத்தில் மாட்டுங்கள். ஒரே இடத்தை வெகுநேரம் கவ்வியிருந்தால் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து எண் தவறாக இறங்கும்.

99 காட்டினாலும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். முழு ஆக்சிஜனில் இருக்கும் நாய் சரியாக மூச்சு விடாவிட்டாலும் அந்த எண் நெடுநேரம் இறங்காது. கார்பன் டை ஆக்சைடு காட்டும் கருவிதான் முதலில் எச்சரிக்கும். அதில் 35 முதல் 45 வரை இருக்கலாம்.

கண்ணை வைத்து மயக்கத்தின் ஆழத்தைச் சொல்வார்கள். விழி கீழே உருண்டிருந்தால் சரியான ஆழம், நடுவில் நின்றால் மயக்கம் லேசு அல்லது மிக அதிகம். கெட்டமின் என்ற மயக்க மருந்து கொடுத்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. கண் திறந்தே இருக்கும், விழி நடுவில் நிற்கும், இமையைத் தொட்டால் சிமிட்டும். ஒரு பூனை விளக்கையே வெறித்துக்கொண்டு கிடந்தது. விழித்துவிட்டது என்று உதவியாளர் மயக்க வாயுவைக் கூட்டப் போனார். தாடையைப் பிடித்துப் பார்த்தால் துவண்டு கிடக்கிறது, நாடியும் மாறவில்லை. கெட்டமின் என்றால் கண்ணை விட்டுவிட்டு நாடி, மூச்சு, ரத்த அழுத்தத்தைப் பாருங்கள்.

மனிதர்களுக்கான பழைய மானிட்டருக்குப் புது உறை மாட்டி, 'விலங்குகளுக்கென்றே செய்தது' என்று தலையில் கட்டும் தரகர்கள் நிறைய. விரலுக்குச் செய்த கிளிப் பூனை நாக்கை நசுக்கிவிடும். பணம் கொடுக்கும் முன் மயக்கத்திலிருக்கும் பூனைக்கு மாட்டி, அது காட்டும் துடிப்பை ஸ்டெதாஸ்கோப் வைத்து எண்ணிப் பாருங்கள். இரண்டும் பொருந்தவில்லையென்றால் அது காட்டும் ஆக்சிஜன் எண்ணும் குப்பை.

நாடி பிடித்திருப்பவரையே நூல் எடுத்துத் தா, போனை எடு என்று விரட்டும் இடத்தில் எந்தக் கருவி வாங்கி என்ன? தையல் போட்டதும் உங்களை அடுத்த அறைக்கு அனுப்பவும் விடாதீர்கள். மயக்கம் தெளியும் முதல் 3 மணி நேரத்தில்தான் நிறைய உயிர்கள் போகின்றன.

அந்த 84-ஐ நேரத்தோடு குறிப்புத்தாளில் எழுதினீர்கள்தானே?