ஐடி துறை வந்ததால் பெங்களூரு திட்டமிட்டு வளர்ந்ததா, தன்போக்கில் வளர்ந்ததா?

நான் 2006-இல் தருமபுரியிலிருந்து பெங்களூரின் மாரத்தஹள்ளிக்கு வேலைக்கு வந்தவன். பார்த்த வரையில் முதலில் கம்பெனி வந்தது, பின்னாலேயே ஆட்கள் வந்தார்கள். சாலையும் தண்ணீரும் சாவகாசமாக வந்தன.

முதலில் தங்கிய பிஜி, அதாவது மாத வாடகை விடுதி, 30-க்கு 40 அடி மனையில் நாலு மாடி. அறைக்கு மூன்று கட்டில், துணி வைக்கக் கட்டிலுக்கு அடியில் இடம். உரிமையாளருக்கு வீட்டில் தெலுங்கு, வெளியில் கன்னடம், எங்களிடம் தமிழ். ஒருநாள் மொட்டை மாடியில் நின்றுகொண்டு, "இங்க ராகி போட்டிருந்தோம் தம்பி, இப்ப பசங்களைப் போட்டிருக்கோம்" என்றார். விடியற்காலை 5 மணிக்கு டேங்கர் வந்து சம்ப் எனும் நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் இறக்கும் சத்தம்தான் எங்களுக்கு அலாரம். சாலைக்கு அந்தப் பக்கம் டெக் பார்க், அதாவது ஐடி கம்பெனிகளின் வளாகம். உள்ளே புல்தரை, ஜெனரேட்டர், சொந்தத் தண்ணீர் ஏற்பாடு. கேட்டைத் தாண்டி வெளியே வந்தால் மழைத்தண்ணீர் போகக்கூட வழியில்லை.

மாரத்தஹள்ளி வழியாகப் போகும் வெளிவட்டச் சாலையே லாரிகள் ஊருக்குள் நுழையாமல் சுற்றிப் போகட்டும் என்று போட்டதுதான். இரண்டு பக்கமும் கம்பெனிகள் உட்கார்ந்ததும், சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம் வரைக்குமான 17 கிலோமீட்டர் ஒரு தனி ஊராகிவிட்டது. லாரிக்குப் போட்ட சாலையில் லட்சக்கணக்கான பேர் ஆபீஸ் போகிறார்கள்.

எலக்ட்ரானிக் சிட்டியை கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1970-களின் கடைசியில் தொடங்கியது. மேம்பாலம் 2010-இல் வந்தது, மெட்ரோ 2025 ஆகஸ்டில். ஒயிட்ஃபீல்டில் ஐடிபிஎல் என்ற டெக் பார்க் 90-களிலேயே வந்துவிட்டது, அங்கே மெட்ரோ ஓடியது 2023-இல். தண்ணீர்க் கதை இதைவிட மோசம். 2007-இல் சுற்றியிருந்த நகராட்சிகளோடு 110 கிராமங்களையும் மாநகராட்சியில் சேர்த்தார்கள். அந்தக் கிராமங்களுக்கான காவிரி குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்தைத் திறந்து வைக்கும்போது 2024 அக்டோபர். அதே வருடம் கோடையில்தான் போர்வெல்கள் வற்றி ஊரே டேங்கருக்கு அலைந்தது.

ஐடியின் பங்கு டெக் பார்க்கோடு முடிவதில்லை. கர்நாடகத்தில் 'பூமி' திட்டத்தில் நில ஆவணங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். கிராமக் கணக்கரைக் கெஞ்சாமல் பஹணி என்ற நில உரிமை, சாகுபடி ஆவணம் கையில் கிடைத்தது விவசாயிக்குப் பெரிய வசதி. நிலம் தேடி வந்த புரோக்கர்களுக்கும் அதே வசதி கிடைத்தது, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அப்புறம் போனில் இருக்கும் மேப். இன்று வீடு தேடுகிறவன் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதில்லை, காலை 9 மணிக்கு எத்தனை நிமிடம் என்று பார்க்கிறான். மெயின் ரோடு அடைத்துக்கொண்டால் அதே மேப் எல்லா வண்டிகளையும் லேஅவுட் சந்துகளுக்குள் திருப்பிவிடுகிறது. பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய தெரு குறுக்குவழியாகிவிட்டது.

சரி, வாடகை கட்டி மாளாமல் நான் ஓசூருக்குக் குடிபெயர்ந்துவிட்டேன். சம்பளம் கர்நாடகத்தில், ரேஷன் கார்டு தமிழ்நாட்டில். என்னைப் போலப் பலர் தினமும் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வருகிறார்கள். ஆபீஸுக்கான திட்டத்தை ஒரு மாநிலம் போடுகிறது, அங்கே வேலை செய்கிறவர்களின் வீட்டுக்கான திட்டத்தை இன்னொரு மாநிலம் போடுகிறது. ஓசூர் மாநகராட்சியானதே 2019-இல்தான்.

போன மாதம் எங்கள் தெருக்கோடியில் பிஜி கட்டுவதற்கென்று போர் போட்டார்கள். ஆயிரம் அடி தாண்டியும் புழுதிதான் கிளம்பியது. அதற்காகக் கட்டடத்தை நிறுத்தவில்லை, சம்ப்பை மட்டும் பெரிதாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.