எஃப்.சி. பதிவில் சேசிஸ் நம்பர் தவறு

மன்னார்குடி நண்பரே, நெல் ஏத்துற வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) பணம் கட்டப் போனா, சேசிஸ் நம்பரோட (அடிச்சட்டத்துல பொறிச்ச நம்பர்) கடைசி அஞ்சு எழுத்தை அரசோட 'வாகன்' இணையதளம் ஏத்துக்கலன்னு கேட்டிருக்கீங்க. அரசோட வாகனச் செயலியில புகார் போட்டுக் காத்திருக்காதீங்க. அது பதிவைக் காட்டும், திருத்தாது. வண்டி பதிவான ஆர்.டி.ஓ. ஆபீஸ்தான் திருத்தணும்.

முதல்ல சேசிஸ்ல சேறு, துரு துடைச்சு, தாளை வச்சு பென்சிலால தேய்ச்சு அச்சு எடுங்க. அந்த 17 எழுத்துல ஆங்கில ஐ, ஓ, க்யூ வரவே வராது. ஆர்.சி.யில (பதிவுச் சான்றுல) 'ஓ' இருந்தா அது பூஜ்யம், டைப் அடிச்ச கோளாறு. அதே 'ஓ'வைப் போட்டா தளம் திறக்கலாம். ஆனா ஆய்வாளர் சேசிஸைப் பார்க்கும்போது மாட்டும்.

அச்சு, படிவம் 21 (விற்பனைச் சான்று), ஆர்.சி. நகலோட மனு குடுத்து, உங்க நகல்ல தேதி சீல் வாங்கிக்குங்க. இன்சூரன்ஸ்லயும் அதே தப்பு ஏறியிருக்கலாம், பாருங்க.