வேலியோரத்து மஞ்சள் முள்ளுப்பழம்: கேள்வி – பதில்

எங்கள் வேலியில் மஞ்சள் முள்ளுப்பழப் புதர் நன்றாகத் தழைக்கிறது. வருஷா வருஷம் ஒட்ட வெட்டியும் காய்ப்பதில்லை. ஏன்?
– வாசகி, காந்தலூர்

ஒட்ட வெட்டுவதால்தான். இது ராஸ்பெர்ரி இனம். முதல் வருடம் தண்டு நீளும். பொதுவாக அடுத்த வருடம்தான் அதன் பக்கக் கிளைகளில் வெள்ளைப் பூ வரும். எல்லாவற்றையும் அரிந்துவிட்டால், காய்க்க வேண்டிய தண்டும் சேர்ந்து போய்விடுகிறது. காய்ப்பு ஓய்ந்ததும் பழம் கொடுத்த தண்டை மட்டும் தரையோடு எடுங்கள். அதில் காய்ந்த காம்புக் கொத்துகள் ஒட்டியிருக்கும். செம்பழுப்பு மயிர் அடர்ந்திருக்கும் புதுத் தண்டில் கத்தி படக் கூடாது. புதருக்கு ஆறேழு தண்டு போதும், மெலிந்ததைக் களையலாம். தோல் கையுறை இல்லாமல் இறங்காதீர்கள், முள் கொக்கி போல வளைந்தது.

கன்று வேண்டுமானால் மழை தொடங்கும்போது ஒரு தண்டின் நுனியை நான்கு அங்குல ஆழத்தில் புதைத்து மேலே கல் வையுங்கள். வேர் பிடித்து, புதுத் துளிர் தலைகாட்டிய பிறகு தாய்த் தண்டிலிருந்து வெட்டுங்கள். வேண்டாத இடத்தில் நுனி தரையைத் தொட விடாதீர்கள். ஹவாய்த் தீவுகளில் காட்டையே அடைத்துக்கொண்ட செடி இது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

பழம் வீடு வருவதற்குள் கூழாகிவிடுகிறது. ஜாமும் தண்ணீராக நிற்கிறது.
– வாசகர், மறையூர்

விரல் பட்டதும் நடுத்தண்டைச் செடியிலேயே விட்டு, உள்ளே குழிந்த தொப்பி போலக் கழன்று வருவதுதான் பழுத்த பழம். காலையில், பனி உலர்ந்ததும் பறியுங்கள். அகலத் தட்டில் இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம். கழுவுவது சமைக்கும் முன்புதான்.

நன்கு பழுத்ததில் பெக்டின் குறைவு. அதனால்தான் ஜாம் இறுகவில்லை. ஒரு கிலோ பழத்தில் கால் பங்கு செங்காயாக இருக்கட்டும். தண்ணீர் விடாமல் குழைய வேகவைத்து, விதை உறுத்தினால் வடிகட்டி, முக்கால் கிலோ சர்க்கரையும் இரண்டு எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளும்போது சுருக்கம் விழுந்தால் உடனே இறக்குங்கள். தாண்டினால் மணம் போய்விடும்.

அதே வேலியில் உண்ணிச்செடியும் இருக்கிறது. குழந்தைகள் பறிக்கலாமா?
– வாசகி, தேவிகுளம்

வித்தியாசம் காட்டிக்கொடுத்த பிறகு பறிக்கட்டும். முள்ளுப்பழத்துக்குக் காம்புக்கு மூன்று சிற்றிலை, அடிப்பக்கம் வெளுப்பு. உண்ணிச்செடிக்குத் தண்டு நான்கு பட்டை, இலை எதிரெதிர் ஜோடி, கசக்கினால் காரமான வாடை. அதன் பச்சைக் காய் நஞ்சு.