ஓவியத் தளத்தில் மென்பொருள் நிறுவனம் முதலீடு செய்தால் வரைகிறவருக்கு என்ன நடக்கும்?

கேள்வி: நான் படங்களைப் பதிவேற்றும் ஓவியத் தளத்தில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனம் முதலீடு செய்திருக்கிறதாம். திருகோணமலையில் இருந்துகொண்டு வரையும் என்னைப் போன்றவர்களுக்கு இதனால் நன்மை உண்டா? கணக்கை மூடிவிட்டுப் போவதா? புதிதாக ஒரு வரைகலை மென்பொருளைப் பழகுவதென்றால் எதைப் பழகலாம்?

பதில்:

பணம் போட்ட நிறுவனம் எதை விற்றுப் பிழைக்கிறது என்று முதலில் பாருங்கள். எத்தனை மில்லியன் போட்டது, அதன் தலைவர் கலைஞர்களைப் பற்றி எவ்வளவு உருக்கமாக எழுதினார் என்பதையெல்லாம் ஆறுதலாகப் பார்க்கலாம். வரையும் மென்பொருளை விற்பவர் வந்தால் தளம் ஒரு பக்கம் திரும்பும். இணையத்தளம் அமைக்கும் கருவியை விற்பவர் வந்தால் இன்னொரு பக்கம் திரும்பும். விளையாட்டு உருவாக்கும் மென்பொருளை விற்பவர் வந்தால் வேறொரு பக்கம். மூன்றுமே ஏற்கெனவே நடந்திருக்கின்றன. ஆகவே ஊகம் தேவையில்லை, நடந்ததைப் பார்த்தாலே போதும்.

என்னைப் பற்றி ஒரு வரி. திருமண அழைப்பிதழ், பத்திரகாளி அம்மன் கோவில் திருவிழாவுக்கான பிரசுரம், உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளின் பெயர்ப்பலகை என்று பகலில் வடிவமைப்பு வேலை. இரவில் எனக்காக வரைகிறேன். ஓவியங்களைப் பதிவேற்றிப் பகிரும் டீவியன்ட்ஆர்ட் தளத்தில் பழைய உறுப்பினன். அதனால் அந்தத் தளத்தைப் பற்றித்தான் கூடுதலாகப் பேசுவேன்.

2000 ஓகஸ்டில் தொடங்கிய டீவியன்ட்ஆர்ட்டில் 2013ஆம் ஆண்டு ஓட்டோடெஸ்க் நிறுவனம் 10 மில்லியன் டொலர் முதலீடு செய்தது. நம் ஊரில் ஓட்டோடெஸ்க் என்றால் கட்டட வரைபடம் கீறுகிறவர்களுக்குத்தான் தெரியும், ஓட்டோகாட் அவர்களுடையது. பொறியியலாளர்களுக்கு மென்பொருள் விற்கும் நிறுவனத்துக்கு, பூனைக்காது வைத்த பெண்களையும் பறக்கும் நாகங்களையும் வரைகிற இளைஞர் கூட்டத்தில் என்ன வேலை என்று அப்போது பலரும் கேட்டார்கள். காரணம் இருந்தது. 2006இல் ஏலியஸ் நிறுவனத்தை வாங்கியபோது, முப்பரிமாண அசைவூட்டத்துக்கான மாயா மென்பொருளும் ஸ்கெட்ச்புக் என்ற வரைகலை மென்பொருளும் அவர்கள் கைக்கு வந்துவிட்டன. 2011இல் உலாவியிலேயே படங்களைத் திருத்தும் பிக்ஸ்லரை வாங்கினார்கள். அதே ஆண்டில், கைவேலை செய்கிறவர்கள் தங்கள் செய்முறைகளைப் பகிர்ந்துகொள்ளும் இன்ஸ்ட்ரக்டபிள்ஸ் தளத்தையும் வாங்கினார்கள். இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், இன்னும் தொழில்முறைக்கு வராத, ஆனால் வரக்கூடிய ஆட்களை அந்த நிறுவனம் தேடிக்கொண்டிருந்தது விளங்கும்.

பதினேழு வயதில் ஸ்கெட்ச்புக்கில் கை பழகிய பிள்ளை, இருபத்தைந்து வயதில் ஒரு படப்பிடிப்பு நிறுவனத்தில் மாயா முன்னால் உட்காரக்கூடும். அப்போது அந்த நிறுவனம் கட்டும் உரிமக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் பத்து மில்லியன் பெரிய காசில்லை. அதோடு, டீவியன்ட்ஆர்ட்டில் நல்ல படம் ஒன்றின் கீழே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அழகாக இருக்கிறது என்ற பாராட்டுக்கு அடுத்ததாக வரும் கேள்வி, எந்த மென்பொருள், எந்தத் தூரிகை என்பதுதான். மீன்பிடித் துறைக்குப் பக்கத்தில் வலைக்கடை போடுகிறவரின் கணக்கு அது. இதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வலையும் நமக்குத் தேவைதானே.

நமக்குக் கிடைத்தது என்ன? உண்மையைச் சொன்னால், அந்த முதலீட்டால் நேரடியாகப் பெரிதாக ஒன்றுமில்லை. நல்லவை முதலீட்டுக்கு முன்பே அங்கே இருந்தன. 2010இலேயே மியூரோ என்று உலாவிக்குள் வரையும் கருவி ஒன்றைத் தளம் கொடுத்திருந்தது. அதன் அருமை இங்கிருந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் காலத்தில் திருகோணமலையில் போட்டோஷொப் என்றால் யாரோ பிரதியெடுத்துக் கொடுத்த குறுந்தட்டு. உரிமம் வாங்கிய ஒருவரையும் நான் கண்டதில்லை. மியூரோவுக்குத் தட்டும் தேவைப்படவில்லை, நிறுவும் வேலையும் இருக்கவில்லை. இணைய நிலையத்தில் ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டினால் வரைய முடிந்தது. கோட்டைக்குள் திரியும் மான்களைக் கோணேசர் மலைப் பின்னணியோடு வரைந்து போட்டேன். எங்கோ இருந்தவர்கள் இது எந்த நாடு, மான்கள் உண்மையிலேயே கோவில் போகும் வழியில் நிற்குமா என்று கேட்டார்கள். ஒருவருக்கொருவர் லாமாச் சின்னம் பரிசளிக்கும் விளையாட்டு ஒன்றும் அங்கே உண்டு. பயன் எதுவுமில்லை, ஆனால் அது வந்த நாளில் மனம் நிறைந்திருக்கும். இவையெல்லாம் அந்தப் பத்து மில்லியனால் வந்தவை அல்ல. கருவியைத் தளம் கொடுத்தது, மிச்சமெல்லாம் உறுப்பினர்கள் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்ட செல்வம்.

அந்தச் செல்வத்துக்குச் சந்தை என்ன விலை போட்டது என்பது 2017 பெப்ரவரியில் தெரிந்தது. இணையத்தளம் அமைக்கும் கருவியை விற்கும் இஸ்ரேலிய நிறுவனமான விக்ஸ், டீவியன்ட்ஆர்ட்டை முழுதாக 36 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அப்போது அங்கே 40 மில்லியனுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். 325 மில்லியன் அளவில் படைப்புகள். வகுத்துப் பாருங்கள். ஒரு படைப்புக்கு ஏறத்தாழ 11 அமெரிக்க சதம். ஒரு உறுப்பினருக்கு ஒரு டொலர்கூட இல்லை. என் மான்கள் 11 சதம்! வரைந்தவர்களுக்கு அதில் பங்கு எதுவும் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. எங்கள் படங்களின் பதிப்புரிமை எங்களிடமேதான் இருந்தது. ஆனால் படங்களைப் பார்க்க வரும் கூட்டம் எங்களுடையது அல்ல, தளத்தினுடையது. விலை போனது அந்தக் கூட்டம்தான்.

விக்ஸ் வந்த பிறகு 2020 மே மாதத்தில் பழைய தோற்றத்தை முற்றாக எடுத்துவிட்டு எக்லிப்ஸ் என்ற புதிய வடிவத்தைக் கட்டாயமாக்கினார்கள். பழைய உறுப்பினர்கள் கொதித்தார்கள். எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் தோற்றத்துக்காகச் சண்டை பிடிப்பது வீண் வேலை.

சண்டை பிடிக்க வேண்டிய இடம் 2022 நவம்பரில் வந்தது. எழுத்தில் கேட்டால் படம் உண்டாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை ட்ரீம்அப் என்ற பெயரில் தளமே வெளியிட்டது. உள்ளே இயங்கியது ஸ்டேபிள் டிஃபியூஷன். இணையத்தில் கிடந்த கணக்கற்ற படங்களை, வரைந்தவர்களைக் கேட்காமல் பாடமாக எடுத்துப் பயின்ற மென்பொருள் அது. அதைவிட மோசமானது இன்னொன்று. நம் படங்களை இத்தகைய பயிற்சிக்குத் தரமாட்டோம் என்று நாமாகச் சொல்லாவிட்டால் சம்மதம் என்றே எடுத்துக்கொள்ளும்படி அமைப்பை வைத்திருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய வேகத்தில் அதைத் தலைகீழாக மாற்றினார்கள்: எல்லாப் படங்களும் தாமாகவே பயிற்சிக்கு அனுமதியில்லை என்ற குறியோடு வரும் என்றார்கள். 2023 ஜனவரியில் சேரா ஆண்டர்சன், கெல்லி மெக்கெர்னன், கார்லா ஓர்ட்டிஸ் என்ற மூன்று ஓவியர்கள், இத்தகைய கருவிகளை உருவாக்கும் ஸ்டெபிலிட்டி ஏஐ, மிட்ஜேர்னி ஆகிய நிறுவனங்களோடு டீவியன்ட்ஆர்ட்டின் மீதும் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார்கள். ஓவியர்களின் வீடு என்று தன்னைச் சொல்லிக்கொண்ட தளம், ஓவியர்கள் தொடுத்த வழக்கில் பிரதிவாதி.

பத்து மில்லியன் முதலீட்டுக்கும் இதற்கும் நேர்க்கோடு போட நான் வரவில்லை. ஆனால் ஒரு தளம் கைமாறிக்கொண்டே போகும்போது, நாம் எப்போதோ அழுத்திய ஒப்புதல் பொத்தானும் அதோடு சேர்ந்து கைமாறுகிறது. அதை யோசித்துக்கொண்டுதான் புதிய படம் ஏற்ற வேண்டியிருக்கிறது.

நல்ல உதாரணம் கேட்டால் ஆர்ட்ஸ்டேஷன் என்ற இன்னொரு ஓவியத் தளத்தைச் சொல்வேன். 2021இல் அதை எபிக் கேம்ஸ் வாங்கியது. அன்ரியல் என்ற விளையாட்டு இயந்திரத்தை, அதாவது கணினி விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளை, செய்தவர்கள். வாங்கிய கையோடு, தளத்தின் சந்தையில் எடுக்கும் தரகை 30 வீதத்தில் இருந்து 12 வீதமாகக் குறைத்தார்கள். பத்து டொலருக்குத் தூரிகைத் தொகுப்பு ஒன்றை விற்றால் முன்பு கைக்கு 7 டொலர். பிறகு 8 டொலர் 80 சதம். இரக்கத்தால் செய்யவில்லை. விளையாட்டுகளுக்கு வேண்டிய மரம், கட்டடம், முகம் எல்லாம் மலிவாகவும் நிறையவும் சந்தையில் கிடந்தால் அவர்களுடைய இயந்திரத்தைப் பயன்படுத்துகிறவர்கள் பெருகுவார்கள். அவர்களுடைய தேவையும் வரைகிறவருடைய தேவையும் அந்த ஒரு இடத்தில் பொருந்திப் போயின. பொருந்தாத இடமும் வந்தது: 2022 டிசம்பரில் செயற்கை நுண்ணறிவுப் படங்களை எதிர்த்து ஆர்ட்ஸ்டேஷன் முகப்பையே உறுப்பினர்கள் எதிர்ப்புப் படங்களால் நிரப்பினார்கள்.

போட்டோஷொப்பை விற்கும் அடோபி நிறுவனத்தின் விடயத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். 2012 டிசம்பரில், வடிவமைப்பாளர்கள் தங்கள் வேலைகளைக் காட்டும் பெஹான்ஸ் தளத்தை வாங்கினார்கள். 2013 மே மாதத்தில், இனிப் போட்டோஷொப் போன்றவற்றின் புதிய பதிப்புகள் மாதச் சந்தாவுக்கு மட்டும்தான் என்று அறிவித்தார்கள். தேதிகளை மட்டும் அடுத்தடுத்து வைத்திருக்கிறேன். மிச்சத்தை நீங்களே யோசியுங்கள்.

இனி நம் ஊர்க் கணக்கு. இந்தத் தளங்களில் தரகு குறைகிறதா கூடுகிறதா என்பதைவிட, வந்த காசை எப்படி எடுப்பது என்பதுதான் இலங்கையில் இருப்பவர்களைப் பல ஆண்டுகள் வாட்டியது. பேபால் கணக்கால் இங்கிருந்து பணம் கட்டலாம், ஆனால் வெளியே இருந்து வருவதைப் பெற முடியாது என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் மாமா, சித்தி பெயரில் காசை வாங்கிப் பிறகு இங்கே எடுத்தவர்கள் எத்தனையோ பேர். 2022 நெருக்கடியில் டொலர் 200 ரூபாவில் இருந்து ஒரு சில மாதங்களில் 360 ரூபா வரைக்கும் ஏறியபோது, டொலரில் சம்பாதித்தவர் தப்பித்தார், டொலரில் சந்தா கட்டியவர் மாட்டிக்கொண்டார். ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த நாட்களில் சந்தா மட்டும் ஒரு மணி நேரத்தையும் கழிக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே முதலீட்டுச் செய்தியை வாசிக்கும்போது நான் தேடுவது இரண்டு விடயங்களை: உறுப்பினருக்குப் பணம் போகும் வழி இலங்கைக்குத் திறந்திருக்கிறதா, இலவசமாக இருந்த எதற்காவது மாதக் கட்டணம் வருகிறதா.

கணக்கை மூட வேண்டாம். மூடினால் முதலீட்டாளருக்கு ஒன்றும் குறையாது, உங்களைத் தேடி வருகிறவருக்குத்தான் வழி தெரியாமல் போகும். முழு அளவுக் கோப்புகளை அங்கே ஏற்றாதீர்கள். பார்க்கப் போதுமான சிறிய அளவு போதும். மூலக் கோப்புகள் உங்கள் வன்தட்டில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று என்று இருக்கட்டும். உரிமையாளர் மாறினாலும் விதிமுறை மாறினாலும் அன்றே உட்கார்ந்து கணக்கு அமைப்புகளைத் திறந்து, செயற்கை நுண்ணறிவு தொடர்பான தெரிவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். விடுதிக்காரர்களும் கல்யாண வீட்டுக்காரர்களும் உங்களை எப்படியும் வட்ஸ்அப்பில்தான் பிடிக்கப்போகிறார்கள். அந்த வருமானத்தை எந்த முதலீடும் அசைக்காது.

எதைப் பழகுவது என்று கேட்டிருந்தீர்கள். ஸ்கெட்ச்புக்கை ஓட்டோடெஸ்க் 2018இல் எல்லோருக்கும் இலவசமாக்கியது. 2021இல் அதைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. பிக்ஸ்லரையும் 2017இலேயே விற்றுவிட்டார்கள். கருவிகளும் தளங்களைப் போலவே கைமாறுகின்றன. என்னிடம் பழக வருகிற பிள்ளைகளுக்கு நான் கிரிட்டா என்ற வரைகலை மென்பொருளைத்தான் போட்டுக் கொடுக்கிறேன். திறந்த மூல மென்பொருள், பெரும்பாலும் நன்கொடையில் ஓடுகிறது, விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும், சந்தா கிடையாது. பழைய மடிக்கணினியில் பெரிய கன்வாஸ் திறந்தால் கொஞ்சம் திணறும், அளவைக் குறைத்துக்கொண்டால் சரி. அழைப்பிதழ் எழுத்து வேலைக்கு மட்டும் அதை நம்பாதீர்கள். பாமினி எழுத்துருவில் கிடக்கும் பழைய வாசகங்களை யூனிகோடுக்கு மாற்றி, வேறொரு மென்பொருளில் அடுக்குவதுதான் இலகு.