பரண் மேல கெடக்குற லேப்டாப்பை விக்கலாமா? – டீச்சர் பதில்கள்

போன இதழ்ல ஸ்கூல் பிள்ளைங்க எல்லாருக்கும் லேப்டாப் குடுக்கறதைப் பத்தி உங்க கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததுல அஞ்சு கேள்விக்கு இந்தத் தடவை பதில். பேர் போட வேண்டாம்னு நிறைய பேர் கேட்டுக்கிட்டதால ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: எங்க பெரிய பொண்ணுக்கு பிளஸ் டூ படிக்கிறப்ப கவர்மென்ட்ல குடுத்த லேப்டாப் பரண் மேல கெடக்கு டீச்சர். ஆன் பண்ணா வர்றதுக்கே கால் மணி நேரம் ஆவுது, சார்ஜும் நிக்கல. ரெண்டாயிரம் தரேன்னு ஒருத்தர் கேக்குறாரு. சின்னவன் இப்ப ஒன்பதாவது. குடுத்துடவா? – ஒரு அம்மா, நீடாமங்கலம்

பதில்: குடுக்காதீங்கம்மா. ரெண்டாயிரம் ரூபா ரெண்டு வாரத்துல மளிகைக்கும் வட்டிக்கும் போயிடும், அந்த மெஷினை சரி பண்ணா சின்னவன் பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் ஓடும். அந்தக் காலத்து லேப்டாப்ல பெரும்பாலும் உள்ள சுத்துற ஹார்ட் டிஸ்க் தான் இருக்கும், ஆன் ஆவுறதுக்கு இவ்வளவு நேரம் எடுக்கறதுக்கு முக்கியமான காரணமே அதுதான். அதைக் கழட்டிட்டு எஸ்எஸ்டி, அதாவது சுத்தாத வேகமான டிஸ்க், ஒண்ணு போடச் சொல்லுங்க, சின்ன சைஸே போதும். ராம், அதாவது மெஷின் வேலை செய்யறப்ப பயன்படுத்தற மெமரி, கூட்ட இடம் இருக்கான்னும் கடைக்காரர்கிட்ட கேட்டுக்குங்க. பேட்டரி வருஷக்கணக்கா சும்மா கெடந்து செத்திருக்கும், புதுசு வாங்க இப்ப காசு இல்லன்னா பிளக்ல சொருகியே பயன்படுத்தட்டும். ஆனா பேட்டரி உப்பி, கீபோர்டு பக்கமோ அடிப்பக்கமோ மேடு தட்டியிருந்தா சார்ஜ் போடவே போடாதீங்க, அதை முதல்ல கழட்டி எடுத்துடணும், இதுல மட்டும் அசால்ட்டா இருக்காதீங்கம்மா.

அதுல விண்டோஸ் 10 இருந்தா, 2025 அக்டோபர் 14-ஓட அதுக்கு மைக்ரோசாப்ட் சப்போர்ட்டை நிறுத்திடுச்சு, பழைய மெஷின் பலதுல விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்னு இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கு, அதைப் போட்டுடுங்க, காசு கிடையாது. நம்ம கவர்மென்ட் லேப்டாப் பலதுல ஆரம்பத்துல இருந்தே விண்டோஸோட சேத்து பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் குடுத்தாங்க, சி-டாக்னு மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனம் தயாரிச்ச லினக்ஸ் அது. யாரும் அந்தப் பக்கம் போய்ப் பாக்கலைங்கறதுதான் என் வருத்தம்.

இன்னொண்ணு. பரண் மேல திரும்ப ஏத்தாதீங்க. ஐப்பசி கார்த்திகையில நம்ம பக்கம் சுவரே ஈரமா இருக்கும், சும்மா கெடக்குற மெஷினுக்குள்ள ஈரம் இறங்கி பூஞ்சை புடிக்கும். வாரத்துக்கு ரெண்டு தடவையாவது ஒரு மணி நேரம் ஓடட்டும், அந்த சூடே ஈரத்தை விரட்டும். ஓடு ஒழுகுற வீடா இருந்தா நல்லா மூடி போட்ட எவர்சில்வர் டிரம்முக்குள்ள துணி சுத்தி வச்சிடுங்க. கஜா புயலப்போ அரிசி டிரம்முக்குள்ள லேப்டாப்பை வச்சுக் காப்பாத்துன ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும்.

கேள்வி: லேப்டாப் குடுத்தா பிள்ளைங்க படிக்கும்னு சொல்றது உண்மையா? எங்க தெருவுல வாங்கின பசங்க எல்லாம் படம் பாத்ததுதான் நான் பாத்தேன். கோடி கோடியா செலவு பண்றதுக்கு ரெண்டு வாத்தியாரை கூட போடலாமே? – ஒரு விவசாயி, ஒரத்தநாடு

பதில்: அண்ணே, கேக்க வேண்டிய கேள்வி இது, சுத்தி வளைக்காம சொல்றேன். லேப்டாப்பை மட்டும் குடுத்தா மார்க் ஏறாது. இதை நம்மளுக்கு முன்னாடியே பெரிய அளவுல செஞ்சு பாத்திருக்காங்க. அமெரிக்காவுல எம்ஐடி மீடியா லேப்ல இருந்த நிக்கலஸ் நெக்ரோபான்டி 2005-ல, பிள்ளைக்கு ஒரு லேப்டாப்னு, 100 டாலருக்கு ஒரு மெஷின் செய்வோம்னு கெளம்புனாரு. 2007-ல வந்தப்போ விலை 200 டாலர் கிட்ட போயிடுச்சு, ஆனாலும் மெஷின் அருமையான மெஷின், வெயில்ல உக்காந்தும் ஸ்கிரீன் தெரியும், தூசி போகாத ரப்பர் கீபோர்டு. தென் அமெரிக்காவுல பெரு நாடு லட்சக்கணக்குல வாங்கி கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் குடுத்துச்சு. அதுல 319 கிராமத்து ஆரம்பப் பள்ளியை எடுத்து ஆராய்ச்சி பண்ணி 2012-ல வெளியிட்டாங்க, 15 மாசம் கழிச்சுப் பாத்தா கணக்குலயும் மொழிப்பாடத்துலயும் எந்த முன்னேற்றமும் தெரியல. யோசிக்கிற திறன்ல மட்டும் கொஞ்சம் ஏற்றம் இருந்துச்சு.

ஏன்னு பாத்தா அங்க பெரும்பாலான ஸ்கூல்ல இன்டர்நெட் இல்ல, வாத்தியாருங்களுக்கு இதை வச்சு என்ன நடத்தறதுன்னு சரியா சொல்லித் தரல, அதோட தொலைஞ்சா உடைஞ்சா நம்ம தலையில விழுமேன்னு பயந்து பல ஸ்கூல்ல வீட்டுக்கே அனுப்பல. இதைப் படிச்சப்போ எனக்கு நம்ம ஊர் ஸ்டோர் ரூம் கண்ணு முன்னாடி வந்துச்சு. நான் வேலை பாத்த ஒரு ஸ்கூல்ல ஒரு வருஷம் பிள்ளைங்க பரீட்சை எல்லாம் எழுதி முடிச்சப்புறம்தான் லேப்டாப் வந்து இறங்குச்சு, அட்டைப்பெட்டியோட அடுக்கி பூட்டி வச்சிருந்தோம், பிள்ளைங்க கல்யாணத்துக்குப் போற மாதிரி டிரஸ் பண்ணிக்கிட்டு வந்து வாங்கிட்டுப் போனாங்க. படிக்கிற ரெண்டு வருஷத்துல ஒரு நாள் கூட அது கிளாஸ் ரூமுக்குள்ள வரல. அந்தப் பசங்க படம் பாத்தாங்கன்னா, வேற என்ன செய்யலாம்னு நாங்க சொல்லிக் குடுக்கவே இல்லையே அண்ணே, அதுல எனக்கும் பங்கு இருக்கு.

உருகுவேன்னு இன்னொரு சின்ன நாடு, 2007-ல ஆரம்பிச்சு 2009-க்குள்ள அரசு ஆரம்பப் பள்ளியில படிக்கிற எல்லாப் பிள்ளைக்கும் குடுத்து முடிச்சாங்க, சேபல் திட்டம்னு பேரு. ஸ்கூல்ல எல்லாம் வைஃபை போட்டாங்க, டீச்சருக்கு பயிற்சி, ரிப்பேருக்கு தனி ஏற்பாடு, அப்புறம் இங்கிலீஷ் டீச்சர் இல்லாத ஸ்கூலுக்கு வீடியோவுல டீச்சரைக் கொண்டு வந்தாங்க. அங்கயும் ஆரம்ப வருஷங்கள்ல கணக்கு மார்க் ஏறலைன்னுதான் ஆய்வு சொல்லுது, அதையும் மறைக்காம சொல்லிடறேன். ஆனா ஏழை வீட்டுலயும் கம்ப்யூட்டர் இருக்குங்கற நிலைமை அங்க வந்துடுச்சு.

வாத்தியாரா லேப்டாப்பான்னு நீங்க கேட்டா, முதல்ல வாத்தியார், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கெடையாது. ஆனா 2020 மார்ச்ல ஸ்கூலை மூடுனாங்களே, கல்வித் தொலைக்காட்சியில பாடம் வந்துச்சு சரி, அதுல பிள்ளை சந்தேகம் கேக்க முடியாது, திருப்பிப் போட்டுப் பாக்க முடியாது. கும்பகோணத்துல பிரைவேட் ஸ்கூல் பிள்ளை வீட்டு ஹால்ல லேப்டாப்ல கிளாஸ் கவனிச்சுக்கிட்டு இருந்தப்போ எங்க பிள்ளைங்க அப்பா நடவு வேலையிலேர்ந்து போனோட திரும்பி வர்ற வரைக்கும் காத்துக் கெடந்துச்சுங்க, அதுலயும் ஒரு போனுக்கு மூணு பிள்ளை. அந்த ஒன்றரை வருஷத்தை நான் இன்னும் மறக்கல. அதனாலதான் வாத்தியாரையும் போடுங்க, லேப்டாப்பும் குடுங்கன்னு கேக்கறேன். குடுக்கறதை பிளஸ் டூ முடியறப்ப குடுக்காம எட்டாவது ஒன்பதாவதுலயே குடுக்கணும், அதுக்கு ஆறு மாசம் முன்னாடி அதே மெஷினை டீச்சர் கையில குடுத்துப் பழக விடணும், ஒன்றியத்துக்கு ஒரு ரிப்பேர் ஆளாவது இருக்கணும்.

கேள்வி: எங்க ஸ்கூல்ல கிளாஸ் ரூமுக்கு ஒரு பிளக் பாயின்ட். நாப்பது பிள்ளைங்க. கரன்ட் எப்ப போகும்னு தெரியாது, நெட் கிடைக்க மைதானத்து ஓரத்துக்குப் போகணும். இங்க லேப்டாப்பை வச்சு என்ன பாடம் நடத்தறது? – ஒரு ஆசிரியர், வேதாரண்யம் பக்கம்

பதில்: சார், நாப்பது மெஷினும் ஒரே நேரத்துல வேண்டியதே இல்ல. ரெண்டு பிள்ளைக்கு ஒண்ணுன்னு வச்சு, வாரத்துக்கு ரெண்டு பீரியட் போதும். நான் பாத்த வரைக்கும் தனியா உக்கார்ற பிள்ளையை விட ஜோடியா உக்கார்ற பிள்ளைங்கதான் அதிகமா பேசும், பேசினாதான் புரியும். சார்ஜ் வீட்டுல ராத்திரி போட்டுக்கிட்டு வரட்டும், பம்ப் செட் ஓடற நேரத்துல வோல்டேஜ் இறங்கும்னு உங்களுக்கே தெரியும், அந்த நேரம் போட வேண்டாம்னு மட்டும் சொல்லிடுங்க. கிளாஸ் ரூம்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேல எக்ஸ்டென்ஷன் பாக்ஸா சொருகாதீங்க, பழைய வயரிங் தாங்காது.

நெட் இல்லாம ஓடற சாமான் நிறைய இருக்கு. ஜியோஜீப்ரான்னு கணக்கு வரைபடம் போடற சாஃப்ட்வேர் இலவசம், ஒரு தடவை இன்ஸ்டால் பண்ணிட்டா போதும். பத்தாவது கணக்குல 8 மார்க் கிராஃப் இருக்கு பாருங்க, y = x² – 4 போட்டு அந்த 4-ஐ ஸ்லைடரா, அதாவது இழுத்து மாத்தற பட்டையா, வச்சு இழுக்கச் சொல்லுங்க, வளைவு மேல ஏறி கீழ எறங்கறதை பிள்ளை கண்ணால பாக்கும், எக்ஸ் அச்சை எங்க வெட்டுதுன்னு தானா சொல்லும். நான் இருபது வருஷம் போர்டுல சாக்பீஸால வரைஞ்சு வரைஞ்சு காட்டியும் புரியாத பிள்ளைங்களுக்கு இது அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சுது, அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு. நம்ம பாடப் புத்தகத்துலயே இணையச் செயல்பாடுன்னு பக்கம் போட்டு ஜியோஜீப்ரா பயிற்சி குடுத்திருக்காங்க, பரீட்சைக்கு வராதுன்னு தாண்டிப் போயிடறோம். அறிவியலுக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தோட ஃபெட், ஸ்கிரீன்லயே பரிசோதனை செஞ்சு பாக்கற சாஃப்ட்வேர், அதுல பேட்டரி, பல்பு, வயர் எல்லாம் மாட்டி ஓம் விதியை செஞ்சே பாக்கலாம். கிவிக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர், தமிழ் விக்கிபீடியாவை அப்படியே பென்டிரைவ்ல இறக்கிக்கலாம். வேதாரண்யம் டவுனுக்குப் போறப்ப ஒரு நாள் இறக்கிட்டு வந்து எல்லா மெஷினுக்கும் காப்பி பண்ணிடுங்க.

அப்புறம் மழை லீவு. ஐப்பசியில கலெக்டர் தொடர்ச்சியா மூணு நாள் லீவு விடுவாரு, டெல்டா பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் போற நாள் அது. லேப்டாப் வீட்டுல இருந்தா லீவுக்கு முந்தின நாளே பாடத்தை பென்டிரைவ்ல ஏத்தி விட்டுடலாம். மெஷினை ஸ்கூல் பீரோவுலயே பூட்டி வைக்கச் சொல்றவங்ககிட்ட இதைத்தான் நான் முதல்ல சொல்லுவேன்.

கேள்வி: என் லேப்டாப்பை அண்ணன் எடுத்து வச்சுக்கிட்டான். உனக்குத்தான் போன் இருக்கேன்னு வீட்டுல சொல்றாங்க. போன் போதாதா டீச்சர்? – காலேஜ் முதல் வருஷ மாணவி, மன்னார்குடி

பதில்: போதாதும்மா. போன்ல பாக்கலாம், எழுத முடியாது. பத்து பக்கம் அசைன்மென்ட், எக்செல், புரோகிராம் இதெல்லாம் போன்ல கட்டை விரலால அடிச்சு முடிக்கிற வேலையா? அது உன் பேருக்கு, உன் படிப்புக்கு வந்தது. அண்ணனுக்கு வேணும்னா ராத்திரி ஒரு மணி நேரம் உன்கிட்ட கேட்டு வாங்கிக்கட்டும். இந்தப் பதிலை அம்மா அப்பாகிட்ட படிச்சுக் காட்டு, டீச்சர் சொன்னாங்கன்னே சொல்லு.

கேள்வி: நான் ஒன்பதாவது படிக்கிறேன். எனக்கு எப்ப லேப்டாப் கிடைக்கும்? – அரசு உயர்நிலைப் பள்ளி மாணவன், பாபநாசம்

பதில்: தம்பி, 2011 செப்டம்பர் 15-ல தமிழ்நாடு அரசு இந்த இலவச லேப்டாப் திட்டத்தை ஆரம்பிச்சப்ப மேல்நிலைப் பள்ளி, காலேஜ் ரெண்டுக்கும் சேத்து இருந்துச்சு, கொரோனா சமயத்துல நின்னு போச்சு. 2025-26 பட்ஜெட்ல ரெண்டு வருஷத்துல 20 லட்சம் பேருக்குன்னு 2,000 கோடி ரூபா அறிவிச்சது காலேஜ் பிள்ளைங்களுக்கு. உன் வயசுக்கும் வேணும்னு நான் எழுதிக்கிட்டேதான் இருப்பேன். அதுவரைக்கும் உங்க ஸ்கூல்ல ஹைடெக் லேப் இருக்கும்ல, அங்க மதியம் சாப்பாட்டு நேரத்துல அரை மணி நேரம் விடச் சொல்லி ஹெச்எம்கிட்ட நாலு பேரா போய்க் கேளுங்க. கேட்டா பெரும்பாலும் விடுவாங்க. போனதும் தமிழ்99-ங்கற தமிழ் கீபோர்டு முறையில டைப்பிங் பழகு. உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கைக்கு, ‘க’ அடிக்க ஒரே கீ. தினம் அரை மணி உக்காந்தா ஒரு மாசத்துல கை பழகிடும். பழகினதும் அடுத்த கேள்வியை டைப் பண்ணி அனுப்பு, இந்தத் தடவை நீ அனுப்பின கார்டுல மழைத் தண்ணி பட்டு ரெண்டு வரி அழிஞ்சு போச்சு, அந்த ரெண்டு வரியில நீ என்ன கேட்டிருந்தேன்னு எனக்குத் தெரியணும்.