டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை எப்படிப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது?

டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார், பழக்கமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது, எப்படிப் பாதுகாப்பாகச் சாப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருந்தாளுநர். மாத்திரையை வாங்கிக்கொண்டு எல்லோரும் கேட்பதும் இதே கேள்விதான். பழக்கமாவதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்பே, முதல் சில நாட்களிலேயே சிக்கலைத் தருவது மாத்திரை போடும் நேரம். அதை யாரும் கேட்பதே இல்லை.

சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகள் சீக்கிரம் வேலையைத் தொடங்கிவிடும். பல் தேய்த்து, கதவைப் பூட்டி, எல்லாம் முடிந்தபின் கட்டிலில் உட்கார்ந்து போட வேண்டிய மாத்திரை அது. பலர் முன்னாலேயே போட்டுவிட்டு, கண் சொக்கினால் படுத்துக்கொள்ளலாம் என்று போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஆள் விழித்திருப்பது போலத்தான் தெரியும், பேசக்கூடச் செய்வார், ஆனால் எதுவும் மனதில் பதியாது. யாருக்கோ செய்தி அனுப்பியதும், அடுப்பைப் பற்றவைத்ததும் காலையில் நினைவிருக்காது. அரைத் தூக்கத்தில் வண்டி ஓட்டிப் போனவர்களும் உண்டு. அதனால்தான் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019-இல் சோல்பிடெம், எஸ்சோபிக்ளோன், சலெப்லான் மூன்றுக்கும் தன்னிடமுள்ள மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. உங்களுக்கு ஒரே ஒரு தடவை இப்படி நடந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் டாக்டரிடம் பேசுங்கள்.

வயிறு நிறையச் சாப்பிட்டதும் சோல்பிடெம் போட்டால் வேலை செய்யத் தாமதமாகும். உடனே "இது கேட்கவில்லை" என்று இன்னொன்றைப் போடுவார்கள் பாருங்கள், அதுதான் ஆபத்து. நடுராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்தாலும் இதே கதைதான். தூங்குவதற்கு முழுதாக 7, 8 மணி நேரம் கையில் இல்லையென்றால் அன்றைக்கு மாத்திரை வேண்டாம்.

ஏனென்றால் காலையில் எழுந்துவிட்டோம் என்பதற்காக மருந்தும் உடம்பை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பெண்களின் உடம்பிலிருந்து சோல்பிடெம் மெதுவாக வெளியேறுகிறது என்று தெரிந்து, 2013-இல் எஃப்டிஏ அவர்களுக்கான சாதாரண மாத்திரையின் அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. டயசிபாம் போன்ற பழைய மாத்திரைகள் இன்னும் மோசம், அடுத்த நாள் முழுக்க உடம்பில் இருக்கும். மாத்திரை உங்களை எப்படிப் பாதிக்கிறது என்று தெரியும்வரை காலையில் வண்டியைத் தொடாதீர்கள். வீட்டில் வயதானவர்கள் இதைச் சாப்பிட்டால் ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது விழுந்து எலும்பை முறித்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். வழியில் ஒரு சின்ன விளக்காவது எரியட்டும்.

குடித்துவிட்டு மாத்திரை போடவே கூடாது. டிரமடால் மாதிரி கடுமையான வலி மாத்திரைகளும் மூச்சைத் தளர்த்துபவைதான், டாக்டருக்குத் தெரியாமல் சேர்க்காதீர்கள். பலருக்குத் தோன்றாத ஒன்று சளி, அலர்ஜி மருந்து. அவற்றில் பலவும் தூக்கம் வரவைப்பவை. சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்பவராக இருந்தால், முதல் மாத்திரைக்கு முன்பே அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சரி, பழக்கம். அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற மாத்திரைகளைச் சில வாரங்கள் தினமும் சாப்பிட்டாலே உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும். பிறகு திடீரென்று விட்டால் முன்பைவிட மோசமாகத் தூக்கம் கெடும். "பார்த்தாயா, மாத்திரை இல்லாமல் எனக்குத் தூக்கமே வராது" என்று அதையே காரணமாக்கி மறுபடி தொடங்குகிறவர்கள்தான் நிறைய. உண்மையில் அது நிறுத்தியதால் வந்த தூக்கக்கேடு, பெரும்பாலும் கொஞ்ச நாளில் அடங்கும். ஆனால் நீண்ட நாள் சாப்பிட்டவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பதால், அளவைப் படிப்படியாகக் குறைப்பது டாக்டர் சொல்படிதான். நீங்களாகப் பாதியாக உடைத்துக் குறைக்காதீர்கள், மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை உடைத்தால் மருந்து மொத்தமாக இறங்கிவிடும்.

எத்தனை நாளைக்கு, எப்படி நிறுத்துவது என்பதை மாத்திரை எழுதும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிபிடி-ஐ என்ற பயிற்சி கிடைக்குமா என்றும் கேளுங்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பே அதைத்தான் முயல வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி (ஏசிபி) என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-இலேயே பரிந்துரைத்திருக்கிறது.