கடப்பா சிறையில் இருக்கும் தம்பி

கேள்வி: என் தம்பி செம்மரக் கடத்தல் வழக்கில் கடப்பா மத்திய சிறையில் விசாரணைக் கைதியாக இருக்கிறான். தங்கைக்கு வரன் பார்க்கும் நேரத்தில் அவனைப் போய்ப் பார்த்தாலோ கடிதம் எழுதினாலோ குடும்பப் பெயர் கெடும், வழக்கும் எங்கள்மீது திரும்பும் என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். வழக்கு முடியும்வரை ஒதுங்கியிருப்பதுதானே நல்லது? (பெயர் வேண்டாம், நகரி)

பதில்: நல்லதல்ல. உங்கள் தம்பியைக் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை; நாளை சொன்னாலும் அவர் உங்கள் அம்மா பெற்ற பிள்ளைதான். காவலில் இருப்பவர் தம் குடும்பத்தாரைச் சந்திப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1981ஆம் ஆண்டிலேயே, அதுவும் தடுப்புக் காவலில் இருந்த ஒரு பெண்ணின் வழக்கில், தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. முறைப்படி மனுப் போட்டுப் பார்த்துவிட்டு வருவது குற்றமாகாது.

பெரியவர்களின் அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, செம்மரம் என்றாலே எல்லையோரத்துத் தமிழ்க் குடும்பங்கள் நடுங்குகின்றன. ஆனால் நீங்கள் ஒதுங்கினால் அதன் விலையைக் கொடுக்கப்போகிறவர் உள்ளே இருக்கும் தம்பி. தேடி வர ஆளில்லாத கைதிக்கு வாய்தா தள்ளிப்போனால் ஏன் என்று கேட்க நாதியில்லை. ஜாமீன் கிடைத்தாலும் கையெழுத்துப் போட ஆளில்லாமல் அவர் உள்ளேயே கிடக்க நேரும். வெளிமாவட்டத்துக்காரர் என்பதற்காக ஜாமீன்தாரரை மறுக்கக்கூடாது என்று 1978ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று உண்டு. ஆகவே கடப்பாவில் தெரிந்தவர் இல்லையே என்று தயங்க வேண்டாம். முதன்முறையாக வழக்கில் சிக்கியவர், வேறு வழக்குகள் இல்லாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், ஆயுள், மரண தண்டனைக்குரிய குற்றங்கள் நீங்கலாக, அவரை ஜாமீனில் விடப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு வழி செய்கிறது. சிறைக் கண்காணிப்பாளர்தாம் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும் என்றாலும், அந்த நாளை எண்ணிக்கொண்டு நினைவூட்டும் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டாமா?

உங்கள் ஊர் வழியாகப் போகும் சென்னை–மும்பை ரயில்பாதையே புத்தூர், ரேணிகுண்டா, ராஜம்பேட்டை தாண்டிக் கடப்பாவுக்குச் செல்கிறது. கிளம்புமுன் பார்வையாளர் நாட்களைச் சிறையில் கேட்டுக்கொண்டு, ஆதார் அட்டையும், தம்பியின் பெயர், தகப்பனார் பெயர், வழக்கு எண் ஆகியவற்றை எழுதிய தாளும் எடுத்துச் செல்லுங்கள். கைதியைப் பார்ப்பதற்கு அங்கே மனு என்றால் விளங்காது, முலாக்கத் (சந்திப்பு) என்று கேளுங்கள். பல சிறைகளில் கம்பி வலைக்கு இரு பக்கமும் பலர் ஒரே நேரத்தில் உரக்கப் பேசுவார்கள். அந்த இரைச்சலில் அம்மா “சாப்பிட்டியாப்பா” என்று கேட்டு முடிப்பதற்குள் நேரம் ஓடிவிடும் என்பதால், கேட்க வேண்டியதை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாய்தா எப்போது, வக்கீல் வந்து பார்த்தாரா, மருந்து மாத்திரை கிடைக்கிறதா என்பவை முதலில் வரட்டும்.

கடிதங்களை அதிகாரிகள் படித்துப் பார்த்தே கொடுப்பார்கள். வழக்கின் உள்விவரங்களை அதில் எழுதாதீர்கள், அவை வக்கீலிடம் மட்டும் பேச வேண்டியவை. வக்கீல் வைக்க வசதியில்லையெனில் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகிறது.

தங்கையின் திருமணத்தைப் பொறுத்தவரை, மாப்பிள்ளை வீட்டாரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மறைத்து முடித்த சம்பந்தத்தில், தெரிந்துவிடுமோ என்ற பயத்தோடு காலமெல்லாம் வாழப்போகிறவள் அந்தப் பெண்தான். இதற்காக விலகுகிறவர்கள் இப்போதே விலகட்டும்.